சந்தோஷம் கூலியாகுமா?

ஈழத்துத் தமிழில் 'சந்தோஷம்' என்னுஞ் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி. மற்றொன்று, வேலை செய்தவன் கையிற் கூலிக்கு மேலாக வைக்கப்படுங் காசு. சிங்கள மக்களும் இச்சொல்லை இவ்விரண்டாவது பொருளில் வழங்குகின்றனர். தமிழ்நாட்டார் 'இனாம்' என்பர். இந்நாளில் 'டிப்ஸ்' என்பர். நம் நாட்டிலேதான் கொடுப்பவனின் உள்ளத்து உணர்ச்சியின் பெயரே, கொடுக்கப்படும் பணத்துக்கும் பெயராக அமைந்துவிட்டது.

இதில் ஓர் அழகு உண்டு; ஓர் ஆபத்தும் உண்டு. பணத்தைவிட மனத்தையே முன்வைத்த நம் முன்னோரின் பண்பு இச்சொல்லிலே தெரிகிறது. அது அழகு. ஆனாற் கூலி என்பது உழைப்பின் அளவைப் பொறுத்தது. சந்தோஷம் என்பதோ மற்றொருவனின் மனநிலையைப் பொறுத்தது. மீன் பொரியல் சுவைத்தால் உண்டு; வெயில் கடுத்தால் இல்லை. வந்தவர் தம் மனைவியோடு பிணங்கியிருந்தால் அன்றைக்கும் இல்லை. ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும், பிள்ளையின் கொப்பியும் பென்சிலும், தாயின் மருந்தும் இப்படி அறிமுகமில்லாத ஒருவரின் முகக்குறிப்பிலே தொங்கிக்கொண்டிருக்குமாயின், அந்தக் குடும்பத்தின் நிலையை என்னென்பது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று, அடுப்படிக் கேள்வி. ஆகவேதான் இதனை இங்கு எடுத்துப் பேசுகின்றோம்.

கச்சானும் வாடையும்

வைகாசி பிறந்து கடல் அமைதியடைந்தால், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள விடுதிகள் நிரம்புகின்றன. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன, வெளிநாட்டாரும் வருகின்றனர். கோணேசர் கோயிலைத் தரிசிக்க வருவோர், கன்னியா வெந்நீரூற்றில் நீராட வருவோர், புறாமலைக்குப் படகேறுவோர், ஆழ்கடலிலே திமிங்கிலம் பார்க்கச் செல்வோர் என ஊர் கலகலக்கிறது. அந்நாட்களில் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் இளைஞர்கள் வந்து விடுதிகளில் வேலைக்கு அமர்கின்றனர். உணவு பரிமாறுவோர், அறை துப்புரவு செய்வோர், துணி வெளுப்போர், பாத்திரம் கழுவுவோர், படகோட்டிகள், முச்சக்கரவண்டிச் சாரதிகள், இரவுக் காவலாளர் என இவர்கள் பலதிறத்தார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் இவர்களுள் உளர்.

புரட்டாதி கழிந்து வாடை திரும்பினால் இந்தக் காட்சி மாறுகிறது. மழை இறங்குகிறது. கடல் கொந்தளிக்கிறது. படகுகள் கரையேறுகின்றன. நிரம்பியிருந்த அறைகள் வெறுமையாகின்றன. அப்போது முதலிற் குறைவது சந்தோஷம். அடுத்துக் குறைவது சேவைக் கட்டணப் பங்கு. கடைசியிற் பலருக்கு வேலையே போய்விடுகிறது. பருவத்தில் வந்த காசு பருவத்தோடு போகிறது. தை மாதம்வரை அடகுக்கடைதான் அவர்களுக்குத் துணை.

இயற்கையின் பருவம் ஆண்டுதோறும் வரும். அதற்கு ஓரளவு ஆயத்தம் செய்யலாம். நாட்டின் விதி கெட்டுவரும் பருவத்துக்கு யார் ஆயத்தம் செய்ய முடியும்? 2018 இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. 2020 இற் கொள்ளைநோய் வந்தது. 2021 இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022 இற் பொருளாதாரமே சரிந்து, பெற்றோலுக்கு நாட்கணக்கிற் காத்து நின்றோம். பின்னர் நிலைமை திருந்தி, 2024 இல் வந்தோர் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. எண்கள் மீண்டன, உண்மைதான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் 'சந்தோஷத்தை' நம்பி வாழ்ந்தவன் எதை உண்டான்? அவனுக்கு வரவேண்டிய பாதி வருமானம் எந்தக் கணக்கிலும் எழுதப்படாத வருமானம். எழுதப்படாத வருமானத்துக்கு நட்டஈடு கேட்க அவன் எந்த வாசலுக்குப் போவான்?

கணக்குச் சொல்லும் கதை

உணர்ச்சியை ஒருபுறம் வைத்துக் கணக்கைப் பார்ப்போம்.

2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் முதன்முறையாகத் தேசிய குறைந்தபட்ச வேதனத்தை வகுத்தது. அப்போது மாதம் 10,000 ரூபா. 2025 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபா எனவும், 2026 சனவரி முதல் 30,000 ரூபா எனவும் உயர்த்தப்பட்டது.

ஒரு விடுதித் தொழிலாளி மாதம் 30,000 ரூபா சம்பளம் பெறுகிறான் என வைத்துக்கொள்வோம். பருவகாலத்தில் அவனுக்குச் சந்தோஷமாக இன்னொரு 30,000 ரூபா கிடைக்கிறது எனவும் வைத்துக்கொள்வோம். கையில் வருவது 60,000. பரவாயில்லை என்று அவனும் நினைப்பான், நாமும் நினைப்போம். இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் செலுத்தவேண்டும். இவை சம்பளத்தின்மீது கணக்கிடப்படுவன. மேசைமேல் வைத்துச் செல்லுங் காசின்மீது கணக்கிடப்படுவன அல்ல. ஆகவே முதலாளி இவ்விரு நிதிகளுக்கும் செலுத்துவது மாதம் 4,500 ரூபா. அந்த 60,000 ரூபாவும் சம்பளமாக இருந்திருந்தால் 9,000 ரூபா செலுத்தியிருப்பார். மாதந்தோறும் 4,500 ரூபா தொழிலாளியின் முதுமையிலிருந்து சத்தமின்றி விழுந்துபோகிறது.

அத்துடன் நில்லாது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில் 5 ஆண்டுக்குக் குறையாமற் பணியாற்றியவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உரியது. 20 ஆண்டு உழைத்தவனுக்குப் பத்து மாதச் சம்பளம். 30,000 ரூபாச் சம்பளத்துக்கு அது 3 இலட்சம். 60,000 ரூபாவுக்கு 6 இலட்சம். சந்தோஷத்தில் வாழ்ந்த காலமெல்லாம் பாதி மனிதனாகவே அவன் ஏட்டிற் பதியப்பட்டிருக்கிறான்.

பணிக்கொடை என்பதற்கு ஆங்கிலேயர் வழங்குஞ் சொல் 'கிராச்சுவிட்டி'. மேசைமேல் வைக்குங் காசுக்கும் அவர்கள் வழங்குவது அதே சொல்லே. ஒரே சொல் இரண்டு வழியிற் பிரிந்து நடந்திருக்கிறது. ஒன்று முதலாளியின் கருணையாகத் தொடங்கி, தொழிலாளர் இயக்கங்களின் வற்புறுத்தலால் 1983 இற் சட்டமாகி உரிமையாயிற்று. மற்றொன்று கருணையாகவே நின்றுவிட்டது. முதலாவதை உரிமையாக்க முடிந்தவர்கள் இரண்டாவதை ஒழுங்குபடுத்த ஏன் இவ்வளவு தயங்கவேண்டும்?

கப்பல் போனது, கருணையும் போனது

பிறர் கருணையை நம்பி வாழும் வாழ்வு எத்தகையது என்பதைத் திருகோணமலைக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. இத்துறைமுகம் பன்னெடுங்காலம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசியபோது, கப்பற்பட்டறையில் உழைத்த நம் தொழிலாளரும் அக்குண்டுகளின் கீழேதான் நின்றனர். பட்டறையிலும் பண்டகசாலையிலும் துரைமாரின் சமையற்கட்டிலும் சலவைத் தொட்டியிலும் நம்மவர் கைகள் ஓயாது உழைத்தன. துரை மகிழ்ந்தால் கை நிறைந்தது. துரை மாறிப்போனாற் கதை மாறியது.

1957 அக்டோபர் 15 ஆந் திகதி அத்தளம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பண்டாரநாயக்கா அவர்கள் பிரதமராக இருந்த காலம் அது. அந்நியர் தளம் அகன்றது நாட்டுக்குப் பெருமை. ஆனால் அன்று வேலையிழந்த தொழிலாளரின் வீட்டில் அந்தப் பெருமையைக்கொண்டு உலையேற்ற முடியவில்லை. அவர்களுட் சில தமிழ்க் குடும்பங்களைப் பதவியாக் குடியேற்றத்தில் அமர்த்த அரசாங்கம் முனைந்தபோது அங்கே எதிர்ப்பு மூண்டது. 1958 ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்னே எழுந்த பூசல்களுள் அதுவும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக உழைத்தவனுக்கு, துரைமார் புறப்பட்டபின் காலூன்ற ஒரு காணித்துண்டும் எளிதிற் கிடைக்கவில்லை.

இதன் பாடம் என்ன? கொடுப்பவன் எவ்வளவு நல்லவனாயினும் ஒருநாட் போய்விடுவான். அன்று கப்பலிற் போனான். இன்று விமானத்திற் போகின்றான். அவன் போனபின்னும் தொழிலாளியோடு நிற்பது சட்டத்தில் எழுதப்பட்டதும் வங்கிக் கணக்கிலே பதியப்பட்டதுமே. மற்றதெல்லாம் கடற்கரை மணலில் எழுதிய எழுத்து.

நம் வீட்டுக் குற்றம்

வெள்ளைக்காரனை மட்டும் நொந்து பயனில்லை. நமது கிராமங்களிலே குடிமை முறை என்று ஒன்று இருந்ததே, அதனை மறந்துவிடலாமா? சலவை செய்தவருக்கும் முடி திருத்தியவருக்கும் பறை கொட்டியவருக்கும் நாம் மாதச் சம்பளம் பேசினோமா? அறுவடைக் காலத்தில் அளந்த நெல், கலியாண வீட்டிற் கொடுத்த வேட்டி, வருடப்பிறப்பிற் கொடுத்த கைவிசேடம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, 'அவர்களை நாங்கள் ஒரு குறையும் இல்லாமற் பார்க்கிறோம்' என்று மார்தட்டினோம். குறை இருந்ததா இல்லையா என்று அவர்களை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அது மரியாதைக்குறைவு எனப்பட்டது.

கூலி பேசப்படாத இடத்தில் மரியாதையும் பேசப்படுவதில்லை. இதுதான் குடிமை முறையின் உட்பொருள். பேசிய கூலியைப் பெறுபவன் நிமிர்ந்து நிற்கலாம். தரப்பட்டதைப் பெறுபவன் குனிந்தே நிற்கவேண்டும். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சாதியின் பேராற் பொது இடங்களில் மனிதரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வாசற்கதவைத் திறந்தது. ஆனால் பழைய வீட்டு நாற்றம் அத்தனை விரைவில் நீங்குவதில்லை. இன்றும் நம்மவர் சிலர் உணவகத்தில் அமர்ந்ததும் விரலைச் சொடுக்குகின்றனர். தம்மிலும் வயதில் மூத்தவரை 'டேய்' என்றும் 'இஞ்ச வா' என்றும் கூப்பிடுகின்றனர். போகும்போது நூறு ரூபாத் தாளை எறிந்துவிட்டு, கணக்குத் தீர்ந்ததென்று எண்ணுகின்றனர். அவர்கள் கொடுத்தது சந்தோஷமா? வாங்கிய அவமதிப்புக்குத் தொழிலாளி பெற்ற விலை அது!

சங்ககாலத்துப் புலவர் பெருஞ்சித்திரனார் ஒரு பெரிய பாடத்தை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே அனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூற்றிலே காண்கிறோம். வறுமை அவர் வீட்டிலும் இருந்தது. ஆயினும் முகம் பாராது தந்த பொருள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. புலவனுக்கு மட்டுமா முகம் இருக்கிறது? தட்டுக் கழுவுபவனுக்கும் இருக்கிறது.

பிற நாட்டார் கண்ட வழி

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், புல்மன் என்பாரின் கம்பனி இரயில்களிலே படுக்கை வண்டிகளை ஓட்டியது. அவற்றிற் பணிபுரிய விடுதலைபெற்ற கறுப்பின மக்களையே பெரிதும் அமர்த்தியது. சம்பளம் சொற்பம்; மீதியைப் பயணிகளின் இனாமிலே தேடிக்கொள்ளவேண்டும். பயணிகள் அப்பணியாளரின் பெயரைக் கேட்பதில்லை. முதலாளியின் முதற்பெயராகிய 'ஜோர்ஜ்' என்பதே அனைவருக்கும் பெயராயிற்று. சொந்தப் பெயரும் இல்லை, சொந்தக் கூலியும் இல்லை! 1925 இல் ஆசா பிலிப் ராண்டொல்ஃப் என்பார் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டு போராடி 1937 இற் கம்பனியோடு ஒப்பந்தம் கண்டனர். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது. அவர்கள் கேட்டது கூடுதலான இனாமை அன்று, கூலியையும் மரியாதையையும்.

இனாமை அடியோடு தடைசெய்து பார்த்தவர்களும் உளர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1909 இல் அவ்வாறு ஒரு சட்டம் செய்தது. வேறு சில மாநிலங்கள் பின்பற்றின. 1926 அளவில் அச்சட்டங்கள் யாவும் நீக்கப்பட்டுவிட்டன. கொடுக்க விரும்புங் கையைச் சட்டத்தாற் கட்ட முடியாது என்பது அதிற் கண்ட உண்மை. ஆயின் அந்நாடு பின்னர் எதிர்த்திசையிற் சென்றது. இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரே கொடுக்கவேண்டிய கூலி மணிக்கு 2 டொலர் 13 சதம் என்று 1991 இல் அங்கு வகுத்த மத்திய சட்ட அளவு, முப்பது ஆண்டுக்கு மேலாகியும் உயரவில்லை. முதலாளியின் சுமையை வாடிக்கையாளன் தோளுக்கு மாற்றினால் என்ன நேரும் என்பதற்கு அது சாட்சி.

யப்பானில் இனாம் கொடுக்கும் வழக்கமே இல்லை. நல்ல சேவை விலைக்குள் அடங்கியது என்பது அவர்கள் கொள்கை. பிரான்சில் 1987 முதல், சேவைக்கான தொகை உள்ளடங்கிய விலையையே உணவகங்கள் காட்டவேண்டும். பிரித்தானியா 2023 இல் ஒரு சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதலாளியின் கைக்கு வரும் இனாமும் சேவைக் கட்டணமும், வரி நீங்கலாக ஒரு சதமும் கழிக்கப்படாமல், தொழிலாளரிடையே நேர்மையாகப் பகிரப்படவேண்டும். எவ்வாறு பகிர்ந்தோம் என்பதற்கு ஏடு வைக்கவேண்டும் என்பது அச்சட்டம். இந்தியாவில் 2022 இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பற்றுச்சீட்டிற் சேர்க்கலாகாது என்றது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. இந்தியா உண்பவனின் பக்கத்திலிருந்து பார்த்தது. பிரித்தானியா பரிமாறுபவனின் பக்கத்திலிருந்து பார்த்தது. இரு பக்கமும் மனிதர் உளர் என்பதை நாம் மறத்தலாகாது.

நூற்றுக்குப் பத்து யாருக்கு?

நமது விடுதிகளிலும் பெரிய உணவகங்களிலும் பற்றுச்சீட்டின் அடியில் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் எனச் சேர்க்கின்றனர். வாடிக்கையாளன் அதனைத் தொழிலாளிக்குப் போய்ச்சேரும் என்று நம்பியே கொடுக்கிறான். நேர்மையான முதலாளிமார் மாதமுடிவில் அதனைப் புள்ளிக்கணக்கிற் பகிர்ந்து கொடுக்கின்றனர். அவர்களை நாம் பாராட்டுவோம். ஆனால் எல்லா இடத்திலும் அப்படித்தானா? உடைந்த கோப்பைக்கும் தொலைந்த கரண்டிக்கும் அதிலே கழிப்போர் இல்லையா? மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைத் தொழிலாளிக்குக் காட்டாது, கையில் ஏதோ ஒரு தொகையைத் திணிப்போர் இல்லையா? குறைந்தபட்ச வேதனத்தைக் கொடுத்துவிட்டு, 'மீதி சேவைக் கட்டணத்தில் வரும்' என்று வேலைக்கு எடுக்கும்போதே ஆசைகாட்டுவோர் இல்லையா? சேவைக் கட்டணம் தொழிலாளியின் சொத்தானால் அதன் கணக்கும் அவன் கண்முன் விரியவேண்டும். இல்லையேல் அதற்குச் சேவைக் கட்டணம் என்று பெயரிடுவது வாடிக்கையாளனை ஏமாற்றுவதாகும்.

முதலாளிமார் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். 'எங்களுக்கு வியாபாரம் நாலைந்து மாதந்தான். கடன் வட்டியும் மின்சாரக் கட்டணமும் பன்னிரண்டு மாதமும் உண்டு. சம்பளத்தைக் கூட்டினால் விலையைக் கூட்டவேண்டும். விலையைக் கூட்டினாற் பயணிகள் வேறு கடற்கரைக்குப் போவார்கள்' என்கின்றனர். சிறு விடுதிக்காரரின் இடர் பொய்யன்று. ஆனால் வாடை அவரை வருத்துவதைப்போல் தொழிலாளியையும் வருத்துகிறதல்லவா? அவருக்குக் காணி இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, வங்கி கடன் கொடுக்கிறது. இவனுக்கு இரண்டு கை மட்டும் இருக்கிறது. ஆபத்தைத் தாங்கும் வலிமை குறைந்தவன் தலையில் ஆபத்து முழுவதையும் ஏற்றிவைப்பது எந்த நியாயம்?

தொழிலாளருள்ளும் சிலர், 'சந்தோஷத்திற் கைவையாதீர்கள். சம்பளத்தைவிட அதுதான் எங்களுக்குப் பெரிது' என்பர். அவர்கள் அச்சம் நமக்கு விளங்குகிறது. சந்தோஷத்தை ஒழிக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அது கூலிக்கு மேலே நிற்கவேண்டும். கூலியின் இடத்தில் உட்காரக்கூடாது என்பதே நம் வாதம். சந்தோஷம் மேசையருகே நிற்பவனுக்குத்தான் கிடைக்கிறது. சமையற்கட்டின் வெக்கையில் நிற்பவனுக்கும், அறையைத் துப்புரவு செய்துவிட்டு ஓசையின்றிப் போகும் பெண்ணுக்கும், மலக்குழி அடைப்பை நீக்குபவனுக்கும் கிடைப்பதில்லை. பெண் ஊழியருக்கோ அதில் வேறோர் இடரும் உண்டு. வருமானம் வாடிக்கையாளன் விருப்பத்திலே தங்கியிருக்கும்போது, அவன் வரம்பு மீறினாலும் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டிய கட்டாயம் உண்டாகிறது. நிச்சயமான கூலி உள்ள பெண் நிமிர்ந்து 'இல்லை' என்று சொல்லமுடியும்.

சந்தோஷமும் இலஞ்சமும்

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விடுதியிற் கொடுக்குங் காசும், ஆசுபத்திரியிலும் கச்சேரியிலும் துறைமுக வாயிலிலும் 'சந்தோஷம்' என்ற அதே பெயரிற் கைமாறுங் காசும் ஒன்றல்ல. அரசாங்க ஊழியன் தன் கடமைக்காகப் பிறரிடம் பெறும் பணம் இலஞ்சம். 1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமென்றது. அதற்குப் பதிலாக வந்த 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதனைக் குற்றமென்கிறது. வாங்கியவன் மட்டுமன்றிக் கொடுத்தவனும் குற்றவாளி.

வேறுபாட்டை அறிவது எளிது. வேலை முடிந்தபின், எதிர்பார்ப்பின்றி, எவருடைய முறையையும் தட்டிப்பறியாமற் கொடுப்பது சந்தோஷம். வேலை நடக்கவேண்டும் என்பதற்காக, வரிசையில் நிற்கும் ஏழையைப் பின்தள்ளக் கொடுப்பது இலஞ்சம். நோயாளியின் கட்டிலைத் தள்ளிச்செல்லும் சிற்றூழியனுக்கு நன்றி சொல்லவேண்டுமானால் வாயாற் சொல்லுங்கள். மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பணம் கொடுத்தால், அடுத்த கட்டிலிற் பணமின்றிக் கிடப்பவரைக் கவனிக்க ஆளிராது.

நாம் செய்யவேண்டியவை

அரசாங்கம் செய்யவேண்டியன மூன்று. முதலாவது, சேவைக் கட்டணம் தொழிலாளரின் சொத்து என்பதைச் சட்டத்தில் ஐயத்துக்கிடமின்றி எழுதி, ஒவ்வொரு மாதமும் சேர்ந்த தொகையையும் பகிர்ந்த முறையையும் தொழிலாளர் காணும் இடத்தில் ஒட்டும்படி கட்டளையிடவேண்டும். இரண்டாவது, அந்தப் பங்கையும் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் கணக்கிற் சேர்க்கவேண்டும். மூன்றாவது, பருவ வேலை நடக்கும் கிழக்குக் கரையிலே தொழில் திணைக்களத்தின் உத்தியோகத்தர் பருவகாலத்திற் சென்று பார்க்கவேண்டும். விடுதிகள் பூட்டியிருக்கும் மார்கழியிற் சென்று யாரை விசாரிப்பது?

தொழிலாளர் செய்யவேண்டியது ஒன்று: சங்கமாகச் சேர்தல். மூதூரான் என்றும் கிண்ணியாவான் என்றும், தமிழன் என்றும் முஸ்லிம் என்றும் சிங்களவன் என்றும் பிரிந்து நின்றால், புல்மன் வண்டிப் பணியாளர் பன்னிரண்டு ஆண்டிற் பெற்றதை நாம் நூறு ஆண்டிலும் பெறமாட்டோம்.

பொதுமக்களாகிய நாம் செய்யவேண்டியது என்ன? கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். பற்றுச்சீட்டிற் பத்து வீதம் சேர்த்திருந்தால், 'இது உங்களுக்கு வருகிறதா தம்பி?' என்று கேட்பதற்குக் கூசவேண்டாம். கேட்பவர் பலரானால் முதலாளியும் கணக்கைச் சரியாக வைப்பார். கொடுக்கும்போது மேசையில் எறியாது கையிற் கொடுங்கள். முகம் பார்த்துக் கொடுங்கள். சமையற்கட்டில் நிற்பவருக்கும் ஒரு பங்கு சேரட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். கொடுக்க இயலாதவர்கள் வருந்தவேண்டியதில்லை. 'அண்ணை, சாப்பாடு நல்லாயிருந்தது' என்ற ஒரு சொல்லும், தங்கியிருந்து புறப்படும்போது நல்ல ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு மேலாளருக்கு எழுதிவைக்கும் இரண்டு வரியும் பலமுறை பணத்தைவிடப் பயன்படும். பணம் அன்றிரவே செலவாகிவிடும். எழுத்து ஒருவரைப் பதவி உயர்த்தவும் உதவும்.

உழைத்தவனுக்குரிய கூலியை அளந்து கொடுத்துவிட்டு, அதன்மேலே வைக்கும் ஒரு ரூபாவும் சந்தோஷந்தான். கூலியைப் பாதியாக்கிவிட்டு ஆயிரம் ரூபா நீட்டினாலும் அது அவனிடமிருந்து பறித்ததில் ஒரு பகுதியேயாகும். கூலி முழுமையாகக் கிடைக்கும் நாளிலேதான், திருகோணமலையின் விடுதிகளில் வாங்குபவன் முகத்திலும் அந்தச் சொல்லுக்குரிய முதற்பொருளைக் காண்போம்.